பொன்னுருக்கு அன்று உடைந்த பொன்

தம்பி, பெட்டிகளையெல்லாம் வேனில் ஏற்றி, தர்ஷினியையும் உட்கார வைத்துவிட்டு, நீ மட்டும் திரும்பி வந்து என் காதருகே ஒன்று கேட்டாய். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னத நம்பித்தான் மறுபடி உருக்கச் சொன்னீங்களா? இல்ல, சபையில என்னைய விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு சொன்னீங்களா?" நானோ "நேரமாச்சு, ஏறு. வட்டவளைக்குக் கீழ மழை புடிச்சிக்கும்" என்று உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். வேன் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான், புதுப் பெண்டாட்டியோடு சீமைக்குப் போகிற பிள்ளையை, அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன், உன் அப்பா பின்னாலிருந்து "சாப்பிட்டானான்னு கேளு" என்று இழுப்பார். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. தர்ஷினியும் படிக்கட்டும், அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் எதுவும் இல்லை.

நீ ஜெர்மனியில் செய்கிற வேலை எனக்கு விளங்குவதற்கு எத்தனை பாடுபட்டாய் என்று உனக்கே தெரியும். ஆரம்பத்தில் நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்களிடமெல்லாம் "லேசர் வச்சு இரும்புல அச்சடிக்கிறான்" என்று சொல்லி வைத்தேன். பக்கத்து வீட்டுச் செல்வி, அவள் மகள் சடங்குப் பத்திரிகையை உன்னிடம் அடித்து வாங்க முடியுமா என்று கேட்டாள். அதைச் சொன்னபோது நீ போனில் சிரித்தாய். பிறகு லீவில் வந்தபோது, குசினியில் என் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, நான் ரொட்டிக்கு மாவு பிசைகிற வரைக்கும் விடாமல் விளக்கினாய். மாவை விட நைசான உலோகத் தூளை ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்புவீர்கள். எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் லேசர் ஓடி அந்தத் தூளை உருக்கும். உருகியது கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும். அதன் மேல் மறுபடி தூள், மறுபடி லேசர். இப்படி அடுக்கடுக்காக எழும்பி அது ஒரு சாமானாகிவிடும். இதுவரைக்கும் எனக்கு விளங்கியது. "அப்ப வேல முடிஞ்சிச்சில்ல, உனக்கு எதுக்கு அங்க சம்பளம்?" என்று கேட்டேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டாய்.

அப்புறம்தான் கணினியில் அந்தப் படத்தைக் காட்டினாய். உலோகத்தை வெட்டி, தேய்த்து, பெரிதாக்கி எடுத்த படம். பார்ப்பதற்கு நம் மேல்மலைப் பைன் காடு மாதிரி இருந்தது. எல்லாம் நெட்டுக்கு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. உலோகம் என்றால் ஒரே கட்டி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே பார்த்தால் மணிமணியாகப் படிகங்கள். மேல் அடுக்கு உருகும்போது கீழ் அடுக்கின் தலையும் கொஞ்சம் உருகுகிறது, கீழே இறுகி நிற்கிற படிகத்தைப் பிடித்துக்கொண்டே மேலே உள்ளதும் இறுகுகிறது, சூடு கீழ்ப்பக்கமாக இறங்குவதால் படிகம் மேல்பக்கமாக வளர்ந்துகொண்டே போகிறது என்றாய். சில உலோகக் கலவைகளில் அந்த மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை வெடித்துவிடுகிறதாம். விமானத்துக்குச் செய்கிற சாமான் அப்படி வெடித்தால் என்ன ஆவது? வேறொரு தூளைத் துளியூண்டு சேர்த்தால் படிகங்கள் ஒரே நேரத்தில் பல இடங்களில் முளைத்து, பொடிப்பொடியாக எல்லாத் திசையிலும் நிற்கும், வெடிப்புக்கு நேர்வழி கிடைக்காது, அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாய். நீ அதைச் சொன்னபோது உன் முகம் சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த முகம் மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. மாவு காய்ந்து போனதுதான் மிச்சம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கு வைத்தோம். நம் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, ஆசாரி தன் கரி அடுப்பையும் மண்கிண்ணத்தையும் கொண்டு வந்து உட்கார்ந்தார். பூண்டுலோயாவிலிருந்து தர்ஷினியின் அப்பா, நம் சம்பந்தி, ஒரு வேன் ஆட்களோடு வந்திருந்தார். கொத்மலையிலிருந்து என் அண்ணன், உன் பெரிய மாமா, எல்லோருக்கும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாலிக்குக் கடையில் புதுப் பவுன் வாங்கலாம் என்று அப்பா சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் அம்மா என் கல்யாணத்துக்குப் போட்டு அனுப்பிய தோடு இருக்கிறது, அதை உருக்கித்தான் என் மருமகள் கழுத்தில் ஏற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். இரண்டு தோட்டையும் வெற்றிலையில் வைத்து, மஞ்சள் தடவி, ஆசாரி கையில் கொடுத்தேன். சபையில் தாய் கொடுக்கிற பொன்னைத் திருப்பிப் பார்ப்பதும் உரைத்துப் பார்ப்பதும் நம் பக்கத்தில் மரியாதை இல்லை. அவரும் கண்ணில் ஒற்றி அப்படியே கிண்ணத்தில் போட்டார்.

பொன் உருகி ஒரு மணியாகத் திரண்டதை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். செல்வி குலவை போட்டாள். ஆசாரி அது ஆறியதும் எடுத்து, சின்னப் பட்டறைக்கல் மேல் வைத்து, சும்மா சம்பிரதாயத்துக்கு ஒரு தட்டுத் தட்டினார். பொன் இரண்டாகப் போய்விட்டது. ஒரு பாதி உருண்டு கோலத்தில் விழுந்தது. குலவை பாதியில் நின்றது. நான் படிக்காதவள் இல்லை, சகுனம் பார்த்து வீட்டுக்குள் முடங்குகிறவளும் இல்லை. ஆனாலும் பிள்ளைக்குத் தாலி செய்கிற பொன் கண் முன்னால் உடைந்தால் எந்தத் தாய்க்குத் தைரியம் இருக்கும்?

"என்னா ஆசாரி இது? தங்கம் எங்கயாச்சும் ரெண்டா போகுமா?" என்றார் மாமா.

"போவாதுங்க. எனக்கும் வெளங்கல" என்றார் ஆசாரி.

"வெளங்கலையா, வெளங்காத மாதிரி இருக்கீங்களா? தோட்டத்து சனம்தானே, இதுகளுக்கு என்னா தெரியும்னு எதையாச்சும் கலந்துட்டீங்களா?"

ஆசாரி இடுக்கியைக் கீழே வைத்தார். நம் தோட்டத்தில் அவர் கை படாத காது கிடையாது, உன் காதைக் குத்தியவரும் அவர்தான். இப்படி ஒரு பேச்சு ஹட்டன் டவுனுக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் யார் அவரிடம் பொன்னைக் கொடுப்பார்கள்? சம்பந்தி அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். "நான் யாரையும் கொற சொல்லலீங்க. பொண்ணப் பெத்தவன், பயமா இருக்கு. நாளத் தள்ளிப் போடுவோம்" என்றார். தள்ளிப் போடுவது என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். உன் லீவு முடிந்துவிடும், நீ போய்விடுவாய், போனவன் எப்போது வருவானோ, அதற்குள் ஆளுக்கொரு பேச்சு வரும். அப்படித் தள்ளிப் போட்டு நின்று போன கல்யாணங்கள் நம் மலையில் இல்லையா?

நீ மட்டும் கீழே உட்கார்ந்து, ஆசாரியின் பூதக்கண்ணாடியை வாங்கி, உடைந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "உள்ள சீனி மாதிரி மணிமணியா இருக்கு" என்று உனக்கு நீயே சொல்லிக்கொண்டாய். திடீரென்று உன் முகம் மாறியது. நிமிர்ந்து என் வெறும் காதைப் பார்த்தாய். எனக்கும் அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது. நீ ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற காலத்தில், தேருக்குப் போகிற அன்று காலையில் அந்தத் தோட்டின் தண்டு உடைந்து நான் புலம்பிக்கொண்டிருந்தேன். நீ "குடுங்கம்மா" என்று வாங்கிப்போய், ரேடியோவுக்கு ஈயம் பற்ற வைக்கிற உன் கம்பியால் ஒட்டிக் கொடுத்தாய். நான் தேருக்குப் போய்ப் பார்த்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடித்தேன். அந்தத் தோடு அன்று முதல் அந்த ஈயத்தோடுதான் என் காதில் கிடந்தது. நான் உனக்குக் கண்ணைக் காட்டினேன், பேசாதே என்று. நீ பார்த்தாய். பார்த்தும் பேசினாய்.

"ஆசாரி மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான்" என்றாய். "அம்மா தோட்ட நான்தான் ரேடியோ ஈயத்த வச்சு ஒட்டினேன். அந்த ஈயம் தங்கத்துக்குள்ள போயிருக்கு. அதான் ஒடஞ்சிருக்கு."

"கடுகளவு ஈயம் தங்கத்த ஒடைக்குமா? கத சொல்லாத" என்றார் மாமா.

"மாமா, ஐஸ் பாக்கெட்ட உறிஞ்சினா என்னா ஆகும்?"

மாமா உன்னை ஒரு மாதிரி பார்த்தார். "கலர் போயிரும். வெள்ளையா ஐஸ் மட்டும் நிக்கும்."

"ஏன்? தண்ணி மணிமணியா உறையறப்ப கலரையும் சீனியையும் உள்ள சேத்துக்காது. தள்ளி விட்டுரும். அது மணிக்கும் மணிக்கும் நடுவுல உறையாமக் கெடக்கும். உறிஞ்சினா அது மட்டும் வருது. தங்கமும் அப்படித்தான் மாமா. தங்கம் மொதல்ல இறுகிருது. ஈயத்துக்கு அதுக்குள்ள எடமில்ல, நடுவுல படலமா மாட்டிக்கிட்டு கடைசியாத்தான் இறுகும். அதுக்குப் பலமே கெடயாது. தட்டினா அங்கதான் விடும். எங்க லேசர் வேலையிலயும் இதேதான். கடைசியா இறுகறது நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறப்பவே சுத்தி உள்ளது சுருங்கி இழுக்கும். உடனே கிழிஞ்சிரும்."

நீ பேசி முடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாயோ என்னவோ. இன்னும் மோசமாகத்தான் போனது. "அப்ப பழுதான தங்கத்தையா எம்புள்ள கழுத்துக்கு எடுத்து வச்சீங்க?" என்றார் சம்பந்தி, உன்னைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. அது என் நெஞ்சில் குத்தியது. பாவம், ஆசாரிதான் மெதுவாக வாய் திறந்தார். "தம்பி சொல்றது மெய்யினா, வெங்காரமும் வெடியுப்பும் போட்டு உருக்கினா ஈயம் கசடா ஒதுங்கிரும். ஒருதரத்துல போவாட்டி இன்னொருதரம் உருக்கணும்" என்றார். ஒருமுறை உடைந்தது தாலிக்கு ஆகவே ஆகாது, கடையில் பவுன் வாங்கி வேறொரு நாளில் வைக்கலாம் என்று மாமா அடித்துச் சொன்னார். சம்பந்தி செருப்பை மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா தொழிற்சாலையில் எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் பேசுகிற மனுஷர், சபை என்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். "குடுத்தவ அவ. அவ சொல்லட்டும்" என்று என் தலையில் போட்டுவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆசாரியைப் பார்த்து "மறுபடி உருக்குங்க" என்றேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். கிண்ணத்தில் புகை எழும்பியது, மேலே கறுப்பாகக் கசடு கூடியது, ஆசாரி அதை ஒதுக்கி ஒதுக்கி எடுத்தார். முதல் தடவை தட்டியபோது ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது. ஆசாரி மறுபடி உருக்கினார். அடுத்த தடவை தட்டத் தட்ட அது பணிந்து, வெற்றிலைக் கனத்துக்கு விரிந்தது. சம்பந்தி அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து "தேத்தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டார். செல்வி பாதியில் விட்ட குலவையை முடித்தாள். மாமா மட்டும் கல்யாணம் வரைக்கும் உர்ரென்று இருந்தார், ஆனால் பந்தியில் பாயாசத்தை மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

இனி உங்கள் இரண்டு பேருக்கும் என் பங்குக்கு ஒன்றிரண்டு சொல்லிக்கொள்கிறேன். தர்ஷினிக்கு அவள் அப்பா சொல்லியிருப்பார், இருந்தாலும் அந்தத் தாலியின் கதையை நீ உன் வாயால் அவளிடம் சொல். கதையை அழகுபடுத்தாதே, உன் தப்பைக் குறைக்காதே. இன்னொன்று. லேசரில் செய்த சாமானை ஆறியதும் தட்டிலிருந்து வெட்டி எடுத்தால் அது முறுக்கிக்கொள்ளும், உள்ளே இழுவிசை அடைபட்டிருக்கும், தட்டோடேயே உலையில் வைத்துப் பதமாகச் சூடாக்கி, மெதுவாக ஆற வைத்துத்தான் வெட்டுவோம் என்று நீ சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பெண் பூண்டுலோயாவை விட்டு எங்கேயும் தங்கியதில்லை. வந்து இறங்கியதும் பாஷை படி, பஸ் ஏறு, தனியாகக் கடைக்குப் போ என்று விரட்டாதே. அவள் அழுதால் அழட்டும், பக்கத்தில் இரு. தினமும் அவள் அம்மாவோடு பேசுகிறாள் என்று முகத்தைத் தூக்காதே. நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்தபோது, உன் அப்பா மறுநாளே என்னைக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, அவர் கேட்டால் இல்லை என்று சொல்வேன்.

தர்ஷினி, உனக்கும்தான். இவன் வேலையில் மூழ்கினால் சாப்பாடு தண்ணீர் ஞாபகம் இருக்காது. அவன் பேசுவது விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல். விளங்குகிற வரைக்கும் சொல்லுவான், அலுக்க மாட்டான். எனக்கே விளங்க வைத்தவன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். உன் படிப்பை நம்பித்தான் உருக்கச் சொன்னேனா? இல்லை தம்பி. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு மனசில்லை. ஐஸ் பாக்கெட் கதை எனக்கு விளங்கியது, ஆனால் மாமா சொன்ன சகுனமும் எனக்கு விளங்கியது. இரண்டும் மாறி மாறி நெஞ்சில் அடித்தது. முதல் தடவை கீறல் விழுந்தபோது, போச்சு, என் பிள்ளை படித்ததெல்லாம் பொய் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். சபைக்கு முன்னால் உன்னை விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. நீ தப்பாக இருந்தால் எத்தனை பேர் இருந்தாலும் காதைத் திருகுகிறவள் நான்.

நான் என்ன வேலை பார்த்தேன்? கொழுந்துக்குப் போகிற தாய்மார் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் என் வயசெல்லாம் போனது. அங்கே ஏதாவது ஒன்று உடைந்தால் எல்லாப் பிள்ளைகளும் தரையைப் பார்க்கும். ஏதாவது ஒரு அப்பாவி திட்டு வாங்கும். உடைத்த பிள்ளைக்கு அது தெரியும், தெரிந்தும் தரையைத்தான் பார்க்கும். நீ மட்டும் என்ன? பால்மா டின்னைக் கவிழ்த்துவிட்டுப் பூனையைக் கைகாட்டியவன். அந்தப் பூனையை நான் விளக்குமாற்றால் விரட்டியதை ஓரமாக நின்று பார்த்தவன். பிள்ளைகள் அப்படித்தான், அதற்காக நான் உன்னைக் கோபித்ததில்லை. ஆனால் அன்று இஸ்தோப்பில் ஆசாரி இடுக்கியைக் கீழே வைத்ததை நானும் பார்த்தேன். நீ சும்மா இருந்திருந்தால் பழி அவரோடு போயிருக்கும், ஆசாரி கலந்ததுதான் காரணம் என்று ஆனதும் சம்பந்திக்குச் சகுனப் பயமும் போயிருக்கும், நம் மேல் வருத்தமும் இருந்திருக்காது, வேறு ஆசாரி, வேறு பவுன் என்று உன் கல்யாணம் குறித்த நாளில் நடந்திருக்கும். அது உனக்கும் தெரியும். உன்னைப் பெற்றவளே கண்ணைக் காட்டி வாயை மூடச் சொன்னாள். நீ "நான்தான்" என்றாய்.

அப்போதுதான் எனக்குப் பயம் விட்டது. பொன் சேர்ந்தால் சேரட்டும், சேராவிட்டால் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்து எடுத்துக்கொண்டு நானே பூண்டுலோயாவுக்குப் போய், என் பிள்ளை இப்படிப்பட்டவன், உங்கள் பெண்ணைத் தாருங்கள் என்று அவர்கள் வாசலில் நின்று கேட்பேன் என்று நினைத்துக்கொண்டுதான் தம்பி, ஆசாரியை மறுபடி உருக்கச் சொன்னேன்.

அம்மா